ஒரு தோட்டாக் கூடு எத்தனை முறை தாங்கும்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைச் சாது என்று நினைத்து ஏமாந்துபோக வேண்டாம். பாலக்கரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரண்டி, செம்பு, டிவி ரிமோட், ஒருமுறை அரைக்கிலோ தக்காளி. என் கணவர் கல்யாணமான புதிதில் திகைத்து நின்று நெற்றியில் வாங்கிக்கொள்வார். நாலைந்து வருடத்தில் குனியப் பழகிவிட்டார். நான் கையை ஓங்கும்போதே எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு விலகிவிடுவார். அதைச் சொல்லி நாங்கள் விருந்தாளிகள் முன்னால் சிரித்தும் இருக்கிறோம். அவர் சிரித்தாரா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் சரியாக ஞாபகம் வரவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள். அவருக்கு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிப் பக்கம், சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப். காலையில் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டிப் போவார், மதியம் சாப்பிட வருவார், மறுபடி போவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேதியைப் படித்து, தேவையான அளவுக்கு மட்டும் கத்தரித்துக் கொடுப்பார். ஒரு அட்டையில் ஒரு மாத்திரை உடைந்திருந்தாலும் அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில், பச்சைமலை அடிவாரத்தில், அவர் அப்பா வழியில் வந்த நாலு ஏக்கர் நிலம். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுவோம். பயிரைக் காக்க என்று கொடுத்த உரிமம், ஒற்றைக்குழல் துப்பாக்கி. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம், அதன் மேல் படக்கூடாது. இதைப் பன்றிகளுக்கும் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் கேட்டால் நூறு அடி ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி வரும்.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றி என்றால் ஏதோ விளையாட்டாக இருக்கும். எங்கள் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு அறுபது வயசு இருக்கும். அவர் வளர்த்த நாயை ஒரு சாயங்காலம் ஆண் பன்றி ஒன்று கிழித்துப் போட்டது. கிழித்து என்றால் கிழித்துத்தான். வயிற்றுக்கு அடியில் கோரைப்பல்லைக் கொடுத்து ஒரே தூக்கு. அந்த நாய் தன் குடலை இழுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகை வரை வந்து செத்தது. தடுக்கப் போன அவருக்குக் கெண்டைக்கால் சதை தொங்கிவிட்டது. துறையூரில் தைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். பன்றி என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைக்கும். எனக்கும் அப்படித்தான். என் கணவருக்கு மட்டும் புடைக்காது. "அதுவும் பசிக்குத்தானே வருது" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோட்டா வாங்குவது ரேஷன் மாதிரி. வருடத்துக்கு இத்தனைதான். அதுவும் சுட்டு முடித்த காலிக் கூடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கடைக்காரர் புதியதை எடுத்து வைப்பார். மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றிகள் தினமும் வரும். பால் முற்றுவதற்குள் எங்கள் தோட்டா தீர்ந்துவிடும். அப்போதுதான் நான் அந்த வேலையைக் கையில் எடுத்தேன். சுட்ட கூட்டைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாமே நாலைந்து முறை நிரப்பிக்கொண்டால் என்ன? வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் எங்கிருந்து வந்தன என்பதை நான் எழுதப் போவதில்லை. போலீஸிடமே சொல்லாததை உங்களிடம் சொல்வேனா? இது சட்டத்துக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "வேண்டாம்மா" என்று ஒருமுறை சொன்னார். ஒருமுறை சொன்னதோடு சரி.

நிரப்புவது எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரிப்பேன். அடுப்பை அணைத்து, போனை அடுத்த அறையில் வைத்து, ஃபேனை நிறுத்திவிடுவேன். மேஜை விளிம்பில் முடுக்கிய, தோட்டா நிரப்பும் கைக்கருவி, பள்ளியில் கழித்துப் போட்ட தராசு. வியர்வை முதுகில் வழியும். மனசு மட்டும் அந்த இரண்டு மணி நேரம் சும்மா இருக்கும். வாரத்தில் நான் யாரையும் திட்டாத நேரம் அது ஒன்றுதான்.

தோட்டாவின் கூடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைவிரல் பருமனில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குழாய், அடியில் பித்தளைத் தொப்பி. உள்ளே அடியில் மருந்து, நடுவில் அடைப்பு, மேலே ஈய ரவை. வாயைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மூட வேண்டும். சுடும்போது அந்த மடிப்பு பிரிந்து விரியும். மறுபடி நிரப்பி மறுபடி மடிப்போம். இரண்டாவது தடவையில் மடிப்பு வெளுக்கும். மூன்றாவதில் மெல்லிய வெடிப்பு. ஐந்தாவதில் வாய் நார்நாராகிவிடும், மூடினால் நிற்காது. வாய் கெட்டால் பயமில்லை, அது கண்ணுக்குத் தெரியும். பயப்பட வேண்டிய இடம் வேறு. பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேரும் இடத்தில், விளிம்புக்குச் சற்று மேலே, முடி மாதிரி ஒரு கீறல் விழும். விளக்கு வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். அங்கே விட்டுப்போன கூட்டைச் சுட்டால் அது இரண்டாகக் கழன்றுவிடும்.

ஒரு கூடு எத்தனை முறை தாங்கும் என்று என்னைக் கேட்டால், நல்ல கூடாக இருந்தால் ஆறு என்பேன். நம் ஊர் வெயிலில் ஐந்து. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பித்தளையின் அடியில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுவேன். ஐந்து கோடு வந்துவிட்டால் அது கடைக்காரருக்கு. கண்டிப்பான கணக்கு. இதில் நான் பெருமைப்பட்டதுண்டு.

அந்தக் கணக்கை அழித்ததும் நான்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், வீட்டுப் பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் கொல்லையில் இறக்கிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தித் தண்டுகள், பாடுபட்ட இயேசு சுரூபத்தின் பீடம், குத்துவிளக்கு, இரண்டு குடம். புளியும் உப்பும் கரைத்த தண்ணீர் பாத்திரம் நிறைய மிச்சம் இருந்தது. கூடுகளின் பித்தளை மட்டும் புகையேறிக் கறுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தேன். நாற்பது கூடு இருக்கும். ஊறவைத்து, தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டன. மாடியில் வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். அப்புறம்தான் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். கோடு இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. நாற்பதிலும் இல்லை.

ஒரு கோடு கூடும் ஐந்து கோடு கூடும் ஒன்றுபோல மின்னிக்கொண்டு நின்றன.

எட்டாம் வகுப்புப் பெண் கூட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆனால் அப்படிக் கொடுத்தால் என் கணவரிடம் காரணம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் லேபில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவள், புளித் தண்ணீரில் கணக்கைக் கழுவிவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? அதுவுமில்லாமல் சோளம் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வாயைப் பார்த்து, கையால் அமுக்கி, கண்மதிப்பாகப் பிரித்தேன். எட்டோ பத்தோ கழித்தேன். மீதி எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று மூன்று கோடு போட்டேன். அழகாக, ஒரே அளவில் போட்டேன். அந்தப் பொய்யை நான் கையால் எழுதினேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். பொய்யை அல்ல, கூட்டை. நிரப்பிய தோட்டாக்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது வழக்கம், மாத்திரை அட்டையைப் பார்ப்பது போலவே, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சுற்றி. அன்று மூன்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது மூணு தடவ போட்டது மாதிரி தெரியலயேம்மா. வாய் ரொம்ப நைஞ்சிருக்கு. இது மூணையும் விட்ருவோமா?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்குத் தலைக்கேறியது. தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

"நீங்க கெமிஸ்ட்ரி படிச்சீங்களா நான் படிச்சேனா? கோடு போட்டிருக்கேன்ல? கண்ணு தெரியலயா?"

"கோடு இருக்கு. இல்லேன்னு சொல்லல."

"அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை பூரா முதுகொடிய உக்காந்து செஞ்சா, இவரு வந்து நொட்டை சொல்லுவாரு!"

பெட்டியோடு தூக்கி அடித்தேன். மருந்து நிரப்பிய தோட்டாக்களை. ஒன்று எதிலாவது குத்தி வெடித்திருந்தால் அந்த மேஜையிலேயே எங்கள் கதை முடிந்திருக்கும். அவர் குனிந்தார், ஆனால் பெட்டியின் மூலை அவர் கன்னத்து எலும்பில் பட்டுக் கிழித்தது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை.

"இனிமே என் தோட்டாவ ஒண்ணாவது திருப்பிக் குடுத்துப் பாருங்க, அப்ப தெரியும் நான் யாருன்னு."

அவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மண்டியிட்டு, ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்தும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தும் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தார். தனியாக வைத்திருந்த மூன்றையும் சேர்த்தே வைத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காரில் உப்பிலியபுரம் போனோம். வழியெல்லாம் நான் உம்மென்றுதான் வந்தேன். ஐந்தரை மணி இருக்கும், வெயில் இன்னும் மலை மேல் இருந்தது. காட்டைப் பார்த்துக்கொண்டவர் வரப்பு ஓரத்தில் கையில் தகர டின்னோடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளதான் இருக்குங்க சார். ஏழெட்டு உருப்படி. தாய்ப்பன்னி ஒண்ணு குட்டியோட இருக்கு, அதுதான் மோசம்."

சோளத்துக்குள் தட்டை முறியும் சத்தம் கேட்டது. எங்கள் உழைப்பை ஏதோ மென்று தின்னும் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பையிலிருந்து தோட்டாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து அவர் வாங்கினார். வெயிலுக்கு நேராக ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிறகு துப்பாக்கியை மடக்கி, தோட்டாவை உள்ளே போட்டு, மூடினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வானத்தைப் பார்த்துச் சுட்டார். சத்தம் சரியாக இல்லை. பட்டாசு நமுத்துப்போன மாதிரி ஒரு மொத்தைச் சத்தம். எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்ததைக் கவனிக்க நேரமில்லை. சோளம் இரண்டாகப் பிளந்துகொண்டு பன்றிகள் எல்லாப் பக்கமும் சிதறின. அந்தத் தாய்ப்பன்றி மட்டும் காலை இழுத்து நடப்பவர் நின்ற வரப்பைப் பார்த்தே வந்தது. அவர் டின்னைப் போட்டுவிட்டு ஓட முயன்று விழுந்தார். "சார்! சார்!" என்று கத்தினார். என் கணவர் துப்பாக்கியை மடக்கினார். பித்தளைத் தொப்பி மட்டும் தெறித்துக் கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அடுத்த தோட்டாவைத் தள்ளி மூடினார். ஒரு நொடி தயங்கினார்.

"சுடுங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சுடுங்க!" என்று கத்தியது நான்.

சுட்டார். குழல் அவர் கைக்குள் வெடித்தது.

முதல் தோட்டாவின் சிவப்புக் குழாய் பித்தளையிலிருந்து கழன்று குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டாவது தோட்டா போக வழியில்லாமல் இரும்பைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறியது. அங்கேதான் அவருடைய இடது கை இருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது வெளிச்சம், பிறகு புகை, பிறகு அவர் நின்றுகொண்டே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. கை, கையாக இல்லை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இருந்த இடத்தில் இருந்தன. கட்டைவிரல் பாதியோடு நின்றது. நடுவில் வெள்ளையாக எலும்பு, அதைச் சுற்றி ரத்தம் விட்டுவிட்டுப் பீறியடித்தது. முகத்தில் இரும்புத் துணுக்குகள் குத்தி நின்றன. சத்தத்தில் பன்றி எங்கோ ஓடிவிட்டது.

"விரல் எங்க கிடக்குன்னு பாரு" என்றார். கடையில் ஒரு மாத்திரை கீழே விழுந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார்.

விழுந்தவர் எழுந்து வந்து தன் துண்டைக் கிழித்து முழங்கைக்குக் கீழே முறுக்கிக் கட்டினார். நான் நாலு காலில் தவழ்ந்து சோளத்தட்டைக்குள் தேடினேன். ஒரு விரல் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைத்ததைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடினேன். தவழ்ந்தபோது சிவப்புப் பிளாஸ்டிக் இல்லாத அந்தப் பித்தளைத் தொப்பியையும் பார்த்தேன். அடியில் என் மூன்று கோடு. அதை எடுத்து மண்ணுக்குள் மிதித்துப் புதைத்தேன். அவர் ரத்தம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் செய்த காரியம் இது.

துறையூரில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கார் ஓட்டியது நான். முன்னால் போன லாரிகளை எல்லாம் என் வாயில் இருந்த அத்தனை கெட்ட வார்த்தையாலும் திட்டிக்கொண்டே போனேன். டோல்கேட் நெரிசலில் நின்றபோது ஸ்டியரிங்கைக் கையால் அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மெதுவாப் போம்மா. யாரு மேலயும் மோதிடாத" என்றார். கொள்ளிடப் பாலம் முடியும் வரைக்கும் அதையே நாலைந்து தடவை சொன்னார்.

திருச்சியில் ஆபரேஷன் செய்த டாக்டர் சின்னப் பெண். பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒட்டவைக்க முடியாது என்றாள். சுற்றிவளைக்கவில்லை. கட்டைவிரலில் பாதியும் அடுத்த இரண்டு விரல் முழுசாகவும் போயின. உள்ளங்கையில் ஒரு பள்ளம்.

மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சாக்கில் சுற்றி, வெடித்த குழலைக் கொண்டுவந்திருந்தார். வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி இரும்பு விரிந்திருந்தது. உள்ளே சுவரில் சிவப்பாக உருகி ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினார்.

"முன்னாடி சுட்ட தோட்டாவோட கூடு உள்ள நின்னிருக்கு. பல தடவ போட்ட கூடு. கடையில வாங்குனது இப்படிக் கழலாது சார். யாரு நிரப்புனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் சார். வீட்ல யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். முப்பது வருடம் வகுப்பில் வாய் மூடாதவள், தெருவில் வாய்க்குப் பேர்போனவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். கேஸ் அவர் மேல் போனது. உரிமம் போனது. அபராதம் அவர் பெயரில் வந்தது. கைக்கருவியைப் போலீஸ் எடுத்துப்போனபோது, அது தன்னுடையது என்று அவரே கையெழுத்துப் போட்டார்.

என் மேல் இவ்வளவு அன்பா என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஐந்தாறு மாதத்தை ஓட்டினேன். தப்பு செய்தவளுக்கு அது எவ்வளவு வசதியான நினைப்பு!

அவர் மறுபடி கடைக்குப் போனார். ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். மாத்திரை அட்டையை இடது கையின் மிச்ச விரல்களுக்கும் மேஜைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, வலது கையால் வெட்டினார். வாடிக்கையாக வரும் கோயில் பெரியவர் ஒருவர் பதறிப்போய், "என்ன சுவாமி இது கையிலே? பெருமாளே!" என்று கேட்டபோது, "மாவு மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க" என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அவ்வளவு இயல்பாகப் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

நான் எதையும் எறிவதை நிறுத்தியிருந்தேன். தெருவில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது கோபத்தைச் சொன்னேன், கோடுகளைச் சொல்லவில்லை. இரவும் பகலும் அந்த மூன்று கோடு கண்ணுக்கு முன்னால் நின்றது. அவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் என்னை அடிக்க வேண்டும், அப்படியாவது இது தீர வேண்டும் என்று ஏங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கையால் நகவெட்டியைப் பிடிக்க முடியாது என்பதால் வலது கை நகத்தை நான்தான் வெட்டிவிடுவேன். கட்டைவிரல் முடிந்து அடுத்த விரலுக்கு வந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டேன். புளித் தண்ணீர், அழிந்த கோடு, நான் போட்ட பொய்க் கோடு, மண்ணில் மிதித்த பித்தளை, எல்லாம்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கோடு விஷயம் தெரியாது. ஆனா அந்தத் தோட்டா சரியில்லன்னு தெரியும். பித்தளைக்கு மேல சுத்திக் கீறல் இருந்துச்சு. வெயில்ல பாத்தேன்ல, நல்லாத் தெரிஞ்சுது."

நகவெட்டி அந்த விரலிலேயே நின்றது.

"பாத்துட்டு ஏங்க போட்டீங்க? திருப்பிக் குடுத்திருக்கலாமே. வேற குடுன்னு கேட்டிருக்கலாமே!"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கன்னத்தில் பெட்டி கிழித்த தழும்பும் இரும்புத் துணுக்கு குத்திய புள்ளிகளும் சேர்ந்து தெரிந்தன.

"நீ காலையிலேர்ந்து கோவமா இருந்த. திருப்பிக் குடுத்தா அந்தாளு முன்னாடி கத்துவியே. பன்னியாவது பரவாயில்ல, அது எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழைக்குக் குடை எடுத்துப்போகாததற்குச் சொல்வதைப் போல, ஒரு காரணம் சொன்னார்.

"போலீஸ்ட்ட நீங்கதான் நிரப்புனதா சொன்னதும்..." என்று ஆரம்பித்தேன். கேள்வியை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பி வந்தது. பழைய கோபம் மாதிரியே இருந்தது, ஆனால் என் மேல் எனக்கு. நான் பல்லைக் கடித்தேன், என் கை நகவெட்டியை இறுக்கியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் வலது கையை என் கையிலிருந்து மெதுவாக உருவி, மடியில் வைத்து மூடிக்கொண்டார்.